முதல் வருஷ வண்டி

என் தங்கை கடலூரில் இருக்கிறாள், வேலை சிதம்பரத்தில். தினமும் போக 45 கிலோமீட்டர், வர 45. பஸ்ஸில் போய்ப் போய் முதுகு போய்விட்டது என்று இந்த வருஷம் கார் வாங்குவதாக முடிவெடுத்தாள். அவள் கண் வைத்திருந்தது, சந்தைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு மின்சார கார். படத்தை அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"முதல் வருஷ வண்டி வேணாம்மா."

அதற்கு மேல் பேசவில்லை. அவள் எனக்கு போன் போட்டாள். "நீதான் பழைய கதையெல்லாம் தோண்டுவியே, அப்பா சொல்றது உண்மையா, இல்ல 2006-லேயே நின்னுட்டாரா, பாத்துச் சொல்லு." அப்படித் தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பப் பார்த்தேன், நீளமாகிவிட்டது.

2006-ஐ முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு புது மாடல் கார் வாங்கினார். எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்பது வேண்டாம். சாலைக்கு வந்து நாலு மாதமான வண்டி, எங்கள் தெருவில் முதலாவது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, நான் முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றினோம். ஆறாவது வாரம் ஒரு ராத்திரி ஆயாவுக்கு நெஞ்சு வலி. அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் வெப்பமானி முள் ஏற ஆரம்பித்தது. புதுச்சத்திரம் வருவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை. அப்பா செல்போன் வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. அம்பாசடராக இருந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் மூடி.

கடைசியில் ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அரசு பஸ். டிரைவர் நிறுத்தத்தில் இல்லாத இடத்தில் நிறுத்தி, கடைசி சீட்டில் படுக்க வைக்கச் சொல்லி, நடுவில் யாரையும் ஏற்றாமல் ஓட்டினார். ஆயா பிழைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். கோளாறு என்ன என்றால் ஒரு ரிலே. தீப்பெட்டி அளவு கூட இல்லாத ஒரு சாமான். அது சென்னையிலிருந்து வர பதினோரு நாள். அடுத்த வருஷம் எதிர்வீட்டுக்காரர் அதே மாடல், அதே நிறம் வாங்கினார். எங்கள் மெக்கானிக் அண்ணன் இரண்டு பானெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக் காட்டினார். எதிர்வீட்டு வண்டியில் ரிலே இடம் மாறி, மேலே ஒரு ரப்பர் மூடியும் வந்திருந்தது. "பாத்தியா சார், உன் வண்டியில கத்துக்கிட்டு அவர் வண்டியில போட்டிருக்கான்" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதைத்தான் பொறியாளர்கள் ஒரு படமாகப் போடுவார்கள், 'குளியல் தொட்டி வளைவு' என்று. ஒரு பொருளின் பழுது விகிதம் தொடக்கத்தில் உயரமாக இருக்கும், பிறகு இறங்கி நீண்ட சமதளமாக ஓடும், தேய்மானம் தொடங்கியதும் மறுபடி ஏறும். தொடக்கத்தில் வரும் பழுதுகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிசு மரணம்'. கம்பெனிகள் சோதிக்காமல் விடுவதில்லை. பாலைவனத்திலும் பனியிலும் ஓட்டித்தான் விடுகிறார்கள். ஆனால் சோதனைக்கு ஓடுவது சில நூறு வண்டிகள், அவற்றை ஓட்டுவதும் பழகிய ஓட்டுநர்கள். சிப்காட் தாண்டி உப்புக்காற்றில் ராத்திரி முழுக்க வெளியே நிற்பது, மழையில் வெள்ளாற்றுக் கரையோரம் முழங்கால் தண்ணீரில் ஊர்வது, ஐந்து பேர் சீட்டில் எட்டுப் பேர் சிதம்பரம் ஆருத்ராவுக்குப் போவது இதெல்லாம் வாங்கியவன் செய்வது. ஒன்றிரண்டு வருஷத்தில் பல்லாயிரம் பேர் இப்படிச் செய்த பிறகுதான், எந்தச் சாமான் எங்கே போகும் என்று தொழிற்சாலைக்கே தெரியவருகிறது. தவிர, முதல் மாதங்களில் தொழிலாளிக்கு அந்த வண்டியைப் பூட்டும் கைப்பழக்கம் வந்திருக்காது, உதிரிபாகம் செய்து தருகிறவனின் அச்சுகளும் புதுசு.

அப்படியானால் அப்பா சொன்னது சரி என்று முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் நம் ஊர் வரலாறு குறுக்கே வருகிறது.

கடலூரிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு வண்டலூர் தெரியும். உயிரியல் பூங்கா அங்கே 1985-ல் திறந்தது. அதே வருஷம் அதே வட்டாரத்திலிருந்து இன்னொரு பெரிய மிருகமும் வெளியே வந்தது. ஸ்டாண்டர்ட் 2000. 1940-களின் இறுதியில் பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு சேர்ந்து சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் கார் அது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நமக்கு ஸ்டாண்டர்ட். நாடு முழுக்க மூன்றே கம்பெனிகளின் கார்கள் ஓடிய காலத்தில் ஒன்று சென்னைக்காரனுடையது என்பதில் இங்கே ஒரு பெருமை இருந்தது.

அந்தக் கம்பெனியின் பேர் பெற்ற வண்டி ஹெரால்ட். பிரிட்டனில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது, இங்கே 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த அழகான உடம்பு. முன்பக்கம் முழுவதும் தூக்கித் திறக்கும், எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பின்னச்சில்தான் வம்பு. இரண்டு பின் சக்கரங்களும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வழுவழு சாலைக்கு வசதியானது, நம் சாலைக்குச் சரிப்படாதது. அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துச் சாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும். கம்பெனியே இதை ஒத்துக்கொள்ள பதினோரு வருஷம் ஆனது. 1972-ல் ஹெரால்டை மாற்றி கஸல் என்று விட்டார்கள், அதில் பின்னால் ஒரே துண்டாக அச்சு. ரிலே மேலே ரப்பர் மூடி வந்த கதைதான், இது ஒரு வருஷத்தில் தீர்ந்தது, அது பதினொன்றில் தீர்ந்தது. ஒரு வண்டியில் என்ன குறை என்று தெரிவது வேறு, அதைச் சரிசெய்ய கம்பெனிக்கு அவசரம் இருப்பது வேறு. காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கும் நாட்டில் கம்பெனிக்கு என்ன அவசரம்?

கஸலும் எழுபதுகளின் கடைசியில் நின்றுபோனது. பிறகு 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000. பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றிருக்கும். நீளமான மூக்கு, சரிந்த பின்புறம், அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால் வேற்றுக்கிரகம். விலை இரண்டு லட்சத்துக்கு மேல். உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அது 1976-ல் வந்து, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் வாங்கிய வண்டி. பட்டம் வாங்கிய கையோடு பெயின்ட், துரு, மின் இணைப்பு என்று வாடிக்கையாளரிடம் பேர் கெடுத்துக்கொண்டதும் அதே வண்டிதான். அங்கே அதன் பெருமையே மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின். இங்கே அதன் மூக்குக்குள் வைத்தது, நாற்பதுகளில் பிறந்த ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரின் எஞ்சினைத் தட்டிக்கொட்டிச் செய்த இரண்டு லிட்டர் எஞ்சின். அந்த எஞ்சினின் நெருங்கிய உறவுக்காரன் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதான். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு லண்டனில் தைத்து, உள்ளே தாத்தாவின் முழங்கால். 1988-ல் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடியது. மூன்று வருஷம்.

இங்கே எனக்குப் பிடிபட்டது இதுதான். ஸ்டாண்டர்ட் 2000-ஐ 'புது மாடல் என்பதால் கவிழ்ந்தது' என்று சொல்லவே முடியாது. அதில் புதுசு என்று என்ன இருந்தது? உடம்புக்கு ஒன்பது வயது, எஞ்சினுக்கு நாற்பதை நெருங்கும் வயது. எஞ்சின் பழகியது, நம்பலாம் என்று கணக்குப் போட்டு வாங்கியவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த உடம்பையும் அந்த எஞ்சினையும் சேர்த்தது புதுசு. எடையும் இழுவையும் பொருந்தவில்லை. அதைவிட முக்கியமாக, மூன்றாவது வருஷம் கம்பெனியே இல்லை. சாமானுக்கு எங்கே போவது? அந்த வண்டியை வாங்கியவர்கள் பட்டது 'சிசு மரணம்' இல்லை, தாய் மரணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே 1986 டிசம்பரில்தான் வந்தது. மூடிய கம்பெனியிடம் எதைக் கேட்பது என்பது அந்தச் சட்டத்துக்கும் பெரிய கேள்விதான்.

அந்த ஐந்தாறு வருஷமே இந்தியாவில் ஒட்டுமாங்காய் காலம். 1984-ல் வந்த காண்டெஸா, பிரிட்டனின் வாக்ஸால் உடம்பில் அம்பாசடரின் எஞ்சின். மூச்சு வாங்கியது. பிறகு ஜப்பானின் இசுசு எஞ்சின் வைத்த பிறகுதான் அது ஓட ஆரம்பித்தது, அதற்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. பிரீமியர் 118 என்இ, ஃபியட் 124-இன் உடம்பில் நிஸ்ஸான் எஞ்சின். இரண்டிலும் ஜப்பான் எஞ்சின் வந்த இடம் தப்பித்தது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்குப் பயம்.

ஏனென்றால் அதே சமயத்தில், முழுக்க முழுக்க புது கம்பெனி, புது தொழிற்சாலை, இந்தியச் சாலை பார்த்திராத மாடல் ஒன்று வந்தது. 1983 டிசம்பர் 14, மாருதி 800. டெல்லிக்காரர் ஹர்பால் சிங் இந்திரா காந்தி கையால் முதல் சாவி வாங்கினார். 'முதல் வருஷ வண்டி வேணாம்' என்ற விதிப்படி யாரும் தொடக்கூடாத வண்டி. அவர் அந்த வண்டியைச் சாகும்வரை, 2010 வரை, வைத்திருந்தார். புது வண்டிதான், ஆனால் யாருக்குப் புதுசு? நமக்குப் புதுசு. ஜப்பானில் சுசுகி அதைப் பார்த்துப் பார்த்துச் செய்து ஓட்டியிருந்தது. தொடக்கத்தில் இங்கே செய்தது, பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டுவது. உள்ளூர்ச் சாமானை ஒவ்வொன்றாகத்தான் சேர்த்தார்கள். 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸும் இதே ரகம். இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் பல வருஷம் அடிபட்டு உதைபட்ட வண்டி, இங்கே வந்தபோது பளபளப்பான புது அறிமுகம். சிதம்பரம் ரயிலடி வாடகை டிரைவர்கள் அதைப் பிடித்துக்கொண்ட வேகத்தை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் டாடா இண்டிகா. 1998 டிசம்பர் 30-ல் அறிமுகம். இந்தியாவிலேயே உருவாக்கிய முதல் கார் என்ற பெருமையோடு வந்தது. முழுப்பணம் கட்டி லட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்தார்கள். லாரி செய்துகொண்டிருந்த கம்பெனி முதன்முறையாகச் சின்ன கார் செய்கிறது. உடம்பு புதுசு, உற்பத்தி வரிசை புதுசு, சாமான் தருகிறவர்கள் பலரும் அந்த வேலைக்குப் புதுசு. முதல் வண்டிகளில் சத்தம், அதிர்வு, சின்னச் சின்னக் கோளாறு என்று புகார்கள் குவிந்தன. 2001-ல் இண்டிகா வி2 வந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு தமிழ்நாட்டில் கால் டாக்சி என்றாலே மனசில் வரும் உருவம் அதுதான். அதாவது வி2-வை நம்பகமாக்கியது வி1 வாங்கியவர்களின் அலுப்பு. அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் முதல் வருஷ வண்டிக்கு விலை குறைத்துத் தர வேண்டும். நம் ஊரில் முதலில் வாங்குகிறவன் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறான்.

ஒரு சின்ன விலகல். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பரங்கிப்பேட்டை. 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பு ஆலை போட்டார். ஐரோப்பிய முறையில் இந்தியாவில் இரும்பு உருக்கிய முன்னோடி முயற்சி. சேலத்துத் தாது, விறகுக் கரி, ஆற்றுவழிப் போக்குவரத்து. இரும்பு நல்ல இரும்பு என்றுதான் பேர். கரிக்குக் காடு போதவில்லை, கடன் கழுத்தை நெரித்தது, ஆலை போனது. ஸ்டாண்டர்ட் 2000 பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஹீத் ஞாபகம் வந்துகொண்டே இருந்தார். உலையைப் பார்த்தவன், அதற்குப் பின்னால் வர வேண்டிய காட்டைக் கணக்குப் போடவில்லை.

காருக்கு அந்தக் காடு எது என்றால் மெக்கானிக். இதைத்தான் நம்பகத்தன்மை பற்றிய பேச்சில் யாரும் சொல்வதில்லை. அம்பாசடர் நம்பகமான வண்டி என்று நம் அப்பாக்கள் சொல்வார்கள். பொய். 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை 2014 வரை செய்துகொண்டிருந்த அந்த வண்டி வாரம் ஒரு தடவை எதற்காவது நின்றது. ஆனால் நின்ற இடத்திலேயே கிளம்பியது. புவனகிரியில் நின்றால் புவனகிரியில் ஆள் இருந்தார், புதுச்சத்திரத்தில் நின்றால் சைக்கிள் கடைக்காரருக்கே பாயின்ட் உரசத் தெரிந்திருந்தது. ஃபேன் பெல்ட் அறுந்தால் கயிறு கட்டி ஊர் வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் இதைக் கேட்டபோது அவர் சொன்னார்: "வண்டி பழகறது ஒண்ணும் இல்ல தம்பி. நாங்க பழகணும். ஒரு வண்டி இந்த ரோட்ல ரெண்டு வருஷம் ஓடுச்சுன்னா எனக்கு சத்தம் கேட்டே தெரியும். புது வண்டி வந்தா நானும் புக்கு பாக்கணும், அந்த புக்கும் கம்பெனிக்காரன்கிட்டதான் இருக்கு."

2006-ல் புதுச்சத்திரத்தில் எங்களை நிறுத்தியது ரிலே. பதினோரு நாள் நிறுத்தி வைத்தது, அந்த ரிலே கடலூர் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லாதது. இந்த இரண்டாவது அபாயம் உங்கள் ஊரைப் பொறுத்தது. சென்னையில் இருப்பவருக்குப் பாதிதான். வாரன்டி இருக்கிறதே என்பார்கள். வாரன்டி சாமானுக்குக் காசு கொடுக்கும், பதினோரு நாளைக் கொடுக்காது.

மின்சார வண்டிக்கு வருவோம், தங்கை கேட்டது அதுதானே. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே வாரம் புனேயில் ஓலா ஸ்கூட்டர் ஒன்று எரியும் காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. அடுத்த மாதம் ஓலா 1,441 வண்டிகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. வேறு சில கம்பெனிகளும் அழைத்தன. அரசு பல தீவிபத்துகளை விசாரித்ததில் பேட்டரியின் செல்களிலும் வடிவமைப்பிலும் குறைகள் என்று தெரியவந்தது. பேட்டரிப் பாதுகாப்புத் தரவிதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அமல்படுத்தினார்கள். இதுவும் குளியல் தொட்டிதான். ஆனால் இங்கே தொட்டியின் உயரமான முனையில் நின்றது ஒரு மாடல் மட்டும் இல்லை, ஒரு தொழிலே. அப்பாவின் ரிலே கதையை இதன் பக்கத்தில் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வழியில் நிற்கும் கோளாறு வேறு, உயிரை எடுக்கும் கோளாறு வேறு. இரண்டாவதில் 'முதலில் வாங்குகிறவன் கொஞ்சம் கஷ்டப்படுவான்' என்ற சமாதானமே கிடையாது.

மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும். 2012 வரை இந்தியாவில் வண்டியைத் திரும்ப அழைப்பதற்கு ஒரு முறைமையே இல்லை, அந்த வருஷம் கம்பெனிகள் தாங்களாகவே ஒரு நடைமுறை வகுத்துக்கொண்டன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம். 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிடலாம். ஹெரால்ட் காலத்தில் பதினோரு வருஷம் எடுத்தது இன்று சில சமயம் ராத்திரியோடு ராத்திரியாக மென்பொருளில் சரியாகிறது. அதே காரணத்தால், பாதி வெந்ததையே பரிமாறிவிட்டு, மீதியைச் சாப்பிடும்போது வேகவைத்துக்கொள்ளலாம் என்ற துணிச்சலும் கம்பெனிகளுக்கு வந்திருக்கிறது.

தங்கையிடம் நான் கேட்கச் சொன்னவை எல்லாம் இந்தக் கதைகளிலிருந்து வந்தவைதான். அந்த பேட்டரியும் மோட்டாரும் அதே கம்பெனியின் வேறு வண்டியில் ஏற்கெனவே ஓடுகிறதா, இல்லை எல்லாமே முதல் தடவையா? இந்தக் கம்பெனி எட்டு வருஷம் கழித்து இருக்குமா? கடலூரில் சர்வீஸ் சென்டரா, பாண்டிச்சேரிக்குப் போகணுமா? வெந்நீர் மாதிரி அவசரம் இல்லையென்றால் ஒரு மழைக்காலம் தாண்டட்டும் என்றேன். "மழைக்காலம் தாண்டினா என் முதுகு தாண்டாதுண்ணா" என்றாள். விசாரித்ததில் பேட்டரி, மோட்டார் இரண்டும் கம்பெனியின் இன்னொரு காரில் இரண்டு வருஷமாக ஓடுபவை என்று தெரிந்தது. சர்வீஸ் சென்டர் பாண்டியில்தான்.

போன ஞாயிறு ஓட்டிப் பார்க்கப் போனோம். அப்பாவும் வந்தார், யாரும் கூப்பிடாமல். தங்கை ஓட்ட, ஷோரூம் பையன் பக்கத்தில், நாங்கள் பின்னால். சத்தமே இல்லாமல் போனது. புதுச்சத்திரம் வந்ததும் அப்பா தோளைத் தட்டி ஓரம் கட்டச் சொன்னார். இறங்கி, பானெட்டைத் திறக்கச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மறுபடியும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான்.

"இதுக்கும் கூலன்ட் உண்டாப்பா?"

"உண்டு சார். பேட்டரிக்கு, மோட்டாருக்கு."

"அப்ப விசிறி இருக்கும்."

"இருக்கு சார்."

"அதோட ரிலே எங்க இருக்கு?"

பையன் கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தான். பிறகு யாருக்கோ போன் போட்டுக்கொண்டு சாலையோரம் புளியமரம் பக்கம் நடந்துபோனான். அப்பா அவன் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றார்.